ஒழுகும் டீசல் டேங்க்: அடைப்பதா, பற்றவைப்பதா, மாற்றுவதா?

மழை விட்ட மறுநாள் காலை, கொட்டகை வாசலில் தேங்கியிருந்த நீரில் வானவில் மிதந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என்னுடைய டீசல்தான் அப்படி மிதக்கிறது என்று மூக்கு சொன்ன பிறகு அழகு போய்விட்டது.

எங்கள் தோட்டம் நீலகிரியில், கேத்தி பாலாடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே டிராக்டர் வைத்திருப்பவர்கள் குறைவு. படிப்படியான நிலத்துக்குப் பவர் டில்லரும் சாலைக்குப் பிக்கப் வண்டியும் போதும் என்று பலரும் என்றோ முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் இருப்பது 35 குதிரைத்திறன் கொண்ட பழைய வண்டி. உழுவதைவிட உரமும் கேரட் மூட்டையும் இழுப்பதுதான் அதன் பிழைப்பு. டிராக்டர் குறைந்த ஊரில் டிராக்டர் தெரிந்த மெக்கானிக்கும் குறைவு. உதிரிப் பாகம் வேண்டுமென்றால் குன்னூரைத் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மேட்டுப்பாளையம் போக வேண்டும். அங்கும் இல்லையென்றால் கோவை. அதனால் சமவெளிக்காரர் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அவருக்கு அரை மணி நேர வேலை, எனக்கு ஒரு முழு நாள்.

சொட்டுத்தானே என்று விட்டுவிடலாமா? டீசல் துளி தண்ணீர்த் துளியைவிடச் சிறியது. சுமார் 40 துளி சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ஆனாலும் நொடிக்கு ஒரு துளி விழுந்தால் ஒரு நாளைக்கு 86,400 துளி, அதாவது 2 லிட்டருக்கும் மேல். லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில் அது ஒரு மாதத்தில் ஐயாயிரத்தைத் தாண்டும். பணத்தை விடுங்கள். எங்கள் கொட்டகை வாசலிலிருந்து வழிவது கீழ்வீட்டுக்காரர் குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றை நோக்கித்தான் போகிறது. டிரெய்லரில் டீசல் நாற்றம் ஏறிவிட்டால் அதில் தேயிலைக் கொழுந்தும் ஏற்ற முடியாது. தேயிலை எந்த வாடையையும் உடனே பிடித்துக்கொள்ளும். ஃபேக்டரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒழுகுவது டேங்க்தானா என்று பாருங்கள். பாதி வழக்குகளில் குற்றவாளி வேறு. டேங்குக்கு அடியில் டீசல் வழியைத் திறந்து மூடும் காக்கின் வாஷர் தேய்ந்திருக்கும். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களிலிருந்து மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஓஸ் வெடித்திருக்கும். அளவு காட்டும் மிதவையின் கார்க் வளையம் காய்ந்திருக்கும். இது மேலே இருப்பதால் டேங்க் நிரம்பியிருக்கும்போதும் சரிவில் ஏறும்போதும் மட்டுமே கசியும். அடியில் தொங்கும் துளியைப் பார்த்து இடத்தை முடிவு செய்யக் கூடாது. டீசல் தகட்டோடு ஊர்ந்து எங்கோ போய்ச் சொட்டும். டேங்க் முழுவதையும் துணியால் துடைத்துக் காயவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். நான் கைக்குக் கிடைத்த விபூதியைத் தூவினேன். கால் மணி நேரத்தில் நனையும் இடம் கோடு போட்டதுபோல் கருத்துத் தெரியும்.

ஓட்டை டேங்கில்தான் என்று உறுதியானால், அது எந்த வகை ஓட்டை என்பதுதான் அடுத்த கேள்வி. என் கணக்கில் எல்லா முடிவும் இதில்தான் இருக்கிறது. எந்தப் பசை நல்லது, எந்த வெல்டர் கெட்டிக்காரர் என்பதெல்லாம் பிறகு.

இரண்டு தகட்டுப் பாதிகள் சேரும் ஓரத்தில் அதிர்வினால் விழுந்த விரிசல் ஒரு வகை. டேங்கை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் உரசியோ துருப்பிடித்தோ தேய்ந்த இடம் இரண்டாவது. பட்டைக்குக் கீழே மெத்தைபோல் வைத்திருக்கும் கம்பளித் துண்டு மழைநீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்த இடம் வெளியிலிருந்து அரிக்கும். மூன்றாவது வகை அடித்தகட்டில் குண்டூசி முனை அளவில் வரும் ஓட்டைகள். இவை உள்ளேயிருந்து வருபவை.

மலையில் மூன்றாவது வகை அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வேலை செய்யும்போது ரிட்டர்ன் டீசல் சூடாக வந்து டேங்கை வெதுவெதுப்பாக்குகிறது. இரவில் ஊட்டிக் குளிர் அதைச் சில்லிட வைக்கிறது. பாதி காலியான டேங்க் மூடியின் துளை வழியாக ஈரக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் உள்சுவரில் வியர்த்து வழிந்து அடியில் சேரும். டீசல் லிட்டருக்கு 830 கிராம் அளவுதான் இருக்கும், தண்ணீர் ஒரு கிலோ. எனவே தண்ணீர் எப்போதும் கீழே தங்கி, தகட்டைத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க உள்ளே தகடு அப்பளமாகிவிடும்.

சோதிப்பது சுலபம். ஓட்டையைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் தகடு இருக்கிறது. பொத்தென்று அமுங்கினாலோ, ஓர் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று வியர்த்தாலோ, நீங்கள் பார்ப்பது பல ஓட்டைகளில் முதலாவது.

இனி வழிகளுக்கு வருகிறேன். மிக மலிவானது சலவை சோப்புக் கட்டி. சிரிக்க வேண்டாம். டீசலில் சோப்பு கரையாது. கசியும் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் சின்ன ஓட்டை நின்றுவிடும். லாரி ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இது. ஆனால் மழைத் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் எங்கள் ஐப்பசி மழைக்கு முன்னால் அதன் ஆயுள் ஒரு பயணம்தான். வீடு வந்து சேர உதவும், அவ்வளவே.

பிசைந்து அப்பும் எபாக்சி புட்டி அடுத்த படி. எல்லோரும் முதலில் செய்வது; பெரும்பாலும் தோற்பது. தோற்பதற்குக் காரணம் பசையல்ல, அவசரம். டீசல் கசிந்துகொண்டிருக்கும் தகட்டில் எதுவும் ஒட்டாது. டேங்கில் இருப்பதை ஓட்டைக்குக் கீழ் மட்டம் வரை வடித்து, பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரியும் வரை உப்புத்தாள் போட்டு, தின்னரில் துடைத்து, காய்ந்த பிறகு அப்பினால் பட்டைக்கு அடியில் தேய்ந்த ஓட்டைக்கு ஓராண்டுகூடத் தாங்கும். துருவின் மேல் அப்பினால் துருவோடு சேர்ந்து உதிரும். குளிரில் இறுக ஒரு பகலும் இரவும் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் பலர் மறந்துவிடும் ஒரு வழி உண்டு: டேங்கையே ஒதுக்கிவிட்டு ஒரு கேனில் ஓட்டுவது. 20 லிட்டர் கேனை நன்றாகக் கட்டி, டீசல் போகும் ஓஸை அதன் அடிவரை இறக்கி, ரிட்டர்ன் ஓஸையும் அதே கேனுக்குள் விட வேண்டும். ரிட்டர்னை மறந்தால் டீசல் தரையில் கொட்டும். ஃபீட் பம்ப் உள்ள வண்டி கேன் தாழ்வாக இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் வகையென்றால் கேனை உயரத்தில்தான் வைக்க வேண்டும். குழாயில் புகுந்த காற்றை எடுத்த பிறகே வண்டி கிளம்பும். சைலன்சருக்குத் தள்ளி வையுங்கள், சரிவில் உருளாமல் பட்டை போட்டுக் கட்டுங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் அறுவடை நடுவில் டேங்கைக் கழற்றி நிதானமாக யோசிக்க அவகாசம் தருவது இது ஒன்றுதான். இதைத் தோட்டத்துக்குள் ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நெருப்பு சம்பந்தப்பட்டவை. இங்கேதான் நான் அதிகம் பேச வேண்டும்.

ஈயப்பற்று பழைய வேலை. வெந்நீர்த் தவலைக்கும் புகைக்கூண்டுக்கும் பற்று வைத்துப் பழகிய பெரியவர்கள் குன்னூரிலும் ஊட்டியிலும் இன்னும் இருக்கிறார்கள். இதற்காக மலை இறங்க வேண்டியதில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். பற்றை இளக்கும் செம்புக் கட்டையை எங்கோ தள்ளிக் கரியடுப்பில் சூடாக்கி எடுத்துவந்து வைப்பதால் டேங்குக்குப் பக்கத்தில் தீச்சுடரே வேண்டாம். அந்தக் காலத்து டேங்குகள் சில ஈயமும் வெள்ளீயமும் பூசிய தகட்டால் ஆனவை. அவற்றில் பற்று வெண்ணெய்போல் பரவும். வெறும் இரும்பென்றால் சுத்தமாகத் தேய்த்து, திராவகம் தடவி, நவச்சாரத்தில் கட்டையின் முனையைத் துடைத்து, முதலில் மெல்லிய பூச்சு கொடுத்த பிறகுதான் பிடிக்கும். வேலை முடிந்ததும் திராவகத்தைச் சுடுநீரில் கழுவாவிட்டால் பற்றைச் சுற்றியே புதிதாக அரிக்கும். ஓர விரிசலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியவில்லை. ஓட்டை பெரிதென்றால் மேலே ஒரு தகட்டுத் துண்டை வைத்துச் சுற்றிலும் பற்ற வேண்டும். ஈயம் மட்டும் பாரம் தாங்காது.

என் டேங்கைத் தட்டிப் பார்த்த பெரியவர் கட்டையை அடுப்பில் வைக்கவே இல்லை. “தம்பி, பற்று வைக்க எனக்குத் தகடு வேண்டும். இங்கே துருதானே இருக்கிறது, எதில் ஒட்டுவது?” என்றார். வேலை செய்யாமலே கூலி வாங்கியிருக்க வேண்டிய மனிதர். தேநீர் மட்டும் குடித்தார்.

கேஸ் வெல்டிங்கும் பித்தளைப் பற்றும் வலுவானவை, சந்தேகமில்லை. பட்டைக்கு அடியில் தேய்ந்த பெரிய ஓட்டைக்கு, சுற்றிலும் தகடு கெட்டியாக இருந்தால், இவைதான் நிரந்தரம். பித்தளை இளக 900 டிகிரி அளவு சூடு வேண்டும். மெலிந்த தகட்டில் அந்தச் சுடரைக் காட்டினால் ஓர் ஓட்டையை அடைக்கும்போது பக்கத்தில் இரண்டு திறக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் வெடிப்பு. “டீசல்தானே, பெட்ரோல் இல்லையே” என்பார்கள். டீசலின் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்கு எழும்ப 35 டிகிரியாவது வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு. ஊட்டிக் குளிரில் அது வெறும் எண்ணெய்போல் சாதுவாகக் கிடப்பது உண்மை. ஆனால் வெல்டிங் சுடர் படும் தகடு ஊட்டிக் குளிரிலா இருக்கும்? துருச் செதிலுக்கு அடியிலும் ஓர மடிப்பிலும் ஒளிந்திருக்கும் டீசல் அந்தச் சூட்டில் ஆவியாகி, மூடிய டேங்குக்குள் காற்றோடு கலக்கும். காற்றில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம், வெடிக்க அது போதும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுதான். சமவெளிப் பட்டறை ஒன்றில், கழுவியதாகச் சொல்லிக் கொண்டுவந்த டேங்க் ஒன்று சுடர் பட்டதும் பூசணிக்காய்போல் உப்பி எகிறியதை நானே பார்த்திருக்கிறேன். வெல்டருக்குப் புருவம் மட்டும் போனது அவர் செய்த புண்ணியம்.

ஈயப்பற்றுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. செம்புக் கட்டையின் சூடு 300 டிகிரியைத் தாண்டலாம். டீசல் ஆவி பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ள அதைவிடக் குறைந்த சூடு போதும். ஆகவே எந்தப் பற்று என்றாலும் டேங்கைக் கழற்றி, காக், மிதவை, மூடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சலவைச் சோடா கரைத்த கொதிநீரில் வாடை போகும் வரை பல முறை அலச வேண்டும். பிறகு ஓட்டை மேலே வரும்படி டேங்கைத் திருப்பி, ஓட்டைக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். உள்ளே ஆவி நிற்க இடம் இருக்கக் கூடாது; வாய் திறந்தே இருக்க வேண்டும். டிராக்டரின் சைலன்சர் புகையை உள்ளே விட்டால் போதும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. நம்பாதீர்கள். சும்மா ஓடும் டீசல் எஞ்சின் தேவைக்கு மிக அதிகமான காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளும். அந்தப் புகையில் பிராணவாயு பெரும்பகுதி அப்படியே இருக்கும். இவ்வளவு நிபந்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும் வெல்டரிடம் மட்டும் கொடுங்கள். “அதெல்லாம் வேண்டாம், வையுங்கள்” என்பவரிடமிருந்து டேங்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உட்பூச்சு முறைக்கு இப்போது ரசிகர்கள் அதிகம். டேங்குக்குள் துருவை நீக்கி, இரண்டு பாகம் கலந்த எபாக்சித் திரவத்தை ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்துக் காயவிட்டால் உள்ளே ஒரு புதுத் தோல் உண்டாகும். குண்டூசி ஓட்டைகளுக்கு, கொள்கையளவில், இதுதான் சரியான மருந்து. நோய் உள்ளே இருக்கிறது, மருந்தும் உள்ளே போகிறது. துரு நீக்க ஒரு முழம் சங்கிலியைப் போட்டுக் குலுக்கலாம். சிட்ரிக் அமிலக் கரைசலை ஓரிரவு ஊற வைக்கலாம்.

நடைமுறையில் மலை நமக்கு எதிரி. எபாக்சி இறுகச் சூடும் வறட்சியும் வேண்டும். 10 டிகிரி குறைந்தால் காயும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மூடுபனிக் காலத்தில் டேங்கின் உள்புறம் காயவே மூன்று நாள் ஆகும். ஈரத்தின் மேல் ஊற்றிய பூச்சு பிறகு உரிந்து, செதிலாகி, டீசல் வழியை அடைக்கும். ஒழுகும் டேங்கைவிட அடைபடும் டேங்க் பெரிய தொல்லை. உள்ளே அலை தடுக்க வைத்திருக்கும் தடுப்புத் தகட்டின் பின்பக்கத்துக்குப் பூச்சு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. தேயிலை ஃபேக்டரியின் உலர்த்தும் அறையில் இரண்டு நாள் வைத்தால் காய்ந்துவிடும் என்று என் மைத்துனர் யோசனை சொன்னார். டீசல் வாடையோடு ஒரு டேங்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் சூப்பர்வைசர் என்ன செய்வார் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில், ஓட்டை ஒன்றிரண்டு மட்டும் என்றால் பூச்சு முயலலாம். ஐப்பசியில் வேண்டாம்.

அடித்தகட்டையே வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதும் உண்டு. கைதேர்ந்த ஆளிடம் நன்றாக வரும். ஆனால் கூலி புதிய டேங்கின் விலையை நெருங்கிவிடும். புதிய டேங்க் கிடைக்காத வண்டிக்கு மட்டும் இதை யோசியுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் மூன்று பொருள் உண்டு: கம்பெனியின் அசல், வெளியார் செய்யும் நகல், பழையது. விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் விகிதமாகச் சொல்கிறேன். நான் விசாரித்தபோது அசல் 100 என்றால் நகல் 60, நல்ல பழையது 45, உட்பூச்சு சாமான் 35, ஈயப்பற்று 8. இறங்கி ஏறும் செலவு 15. இது மாற்றுவதற்கும் வெல்டிங்குக்கும் ஒன்றுதான். நகல் டேங்கை நான் முதலிலேயே தள்ளினேன். தகடு கண்ணுக்கே மெல்லிதாகத் தெரிந்தது. பட்டை உட்காரும் இடமும் சரியாக அமையவில்லை. அசல் என் வண்டியின் மாடலுக்கு வரவழைக்க வேண்டும், எத்தனை நாளாகும் என்று கடைக்காரரால் சொல்ல முடியவில்லை.

எனவே கேரட் பிடுங்கி முடியும் வரை மூன்று வாரம் கேனில் ஓட்டினேன். பிறகு கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஒரு பகல் சுற்றினேன். பழைய டேங்க் வாங்கப் போகிறவர் ஒரு சிறு டார்ச்சும் பழைய டேங்கின் அளவு எழுதிய தாளும் கொண்டுபோக வேண்டும்: நீள அகலம், பட்டைகளுக்கு இடையிலான தூரம், காக்கின் மரை, ரிட்டர்ன் குழாய் வாய். முதலில் பார்த்த இரண்டிலும் டார்ச் அடித்தால் உள்ளே செங்கல் நிறம். மூன்றாவது பொள்ளாச்சிப் பக்கத்து வண்டியில் இருந்ததாம். அடித்தகடு சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. வாயை அடைத்துச் சோப்பு நுரை தடவி, சைக்கிள் பம்பால் மெல்ல இரண்டு அடி காற்று கொடுத்தேன். குமிழி வரவில்லை. கம்ப்ரஸர் காற்றை மட்டும் இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். தட்டையான தகடு உப்பிப் பிளந்துவிடும். பொருத்தும்போது கம்பளித் துண்டுக்குப் பதில் பழைய டியூப் ரப்பரை வெட்டிப் போட்டேன்.

உங்கள் ஓட்டை ஓர விரிசல் என்றால் இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. நேராக ஈயப்பற்றுக்காரரிடம் போங்கள். பட்டைத் தேய்மானமும் கெட்டியான தகடும் என்றால் கவனமான வெல்டரிடம். தகடு அமுங்கினால் மட்டும் என் வழிக்கு வாருங்கள்.

பழைய டேங்கை எடைக்குப் போடும் முன் வெட்டிப் பார்த்தேன். வாராவாரம் வடிகால் திருகைத் திறந்து தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தவன் நான். பிறகும் ஏன் துரு என்று புரியாமல் இருந்தது. ஓட்டைகள் அத்தனையும் பின்பக்க மூலையில், இரண்டு விரல் அகலப் பட்டையாக இருந்தன. வடிகால் திருகு இருப்பது முன்பக்கம். எங்கள் கொட்டகைத் தரை மழைநீர் வெளியேற வாசலை நோக்கிச் சரிந்தது. பல ஆண்டுகளாக வண்டியை மூக்கு உள்ளே போகும்படி நிறுத்தியதால் முன்பக்கம் உயர்ந்து, தண்ணீர் முழுவதும் பின்மூலையில் போய்த் தேங்கியிருக்கிறது. திருகைத் திறந்தபோதெல்லாம் நான் வடித்தது நல்ல டீசலைத்தான். இப்போது வேலை முடிந்ததும் மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டு, வண்டியைப் பின்பக்கமாக உள்ளே ஏற்றுகிறேன். ஒரே முறையில் ஏற்ற இன்னும் வரவில்லை. தூணுக்குப் பயந்து இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆட வேண்டியிருக்கிறது.